வெலிமிரின் ஐந்து புள்ளி மூன்று

வெலிமிர் மாரின்கோவிச்சுக்கு எதிலும் வேகம் வேண்டும், தன்னுடைய கால்களைத் தவிர. லெஸ்கோவட்ஸ் என்ற ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் அவனுக்கு வேலை. வீடு வீடாகப் போய், குனிந்து, குழாய்க்கு அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிவர வேண்டும். இத்தனை வருடத்தில் அவன் குனிந்ததை யாரும் பார்த்ததில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக்கடையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி யோசிப்பான். "மூணாவது மாடிக்காரி சுத்தக்காரி, நிறைய ஊத்தியிருப்பா. அஞ்சாவது மாடிக்காரன் தனிக்கட்டை, குளிச்சே மாசமாயிருக்கும்." அவ்வளவுதான், எண் பிறந்துவிடும். ஊரில் பாதிப் பேர் வெலிமிரின் கற்பனைக்குத்தான் தண்ணீர்க் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாலிபத்தில் அவனிடம் ஒரு மொபெட் இருந்தது. வேகம் கூட வேண்டும் என்று அதன் சைலன்சரை அறுத்து எறிந்தான். வண்டி முன்பைவிட ஒரு அடிகூடக் கூடுதலாகப் போகவில்லை. ஆனால் மூன்று தெரு தள்ளித் தூங்கிய குழந்தைகள் வீறிட்டு அழுதன. அந்தச் சத்தத்தை வேகம் என்று நம்பிய முட்டாள்கள் லெஸ்கோவட்ஸில் இரண்டு பேர். ஒருவன் வெலிமிர். இன்னொருத்தி பின்சீட்டில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போன ரோசாந்தா. அவளைத்தான் அவன் கட்டிக்கொண்டான். அதற்காக அவள் யாரையும் குறை சொல்வதில்லை. அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தானாகத்தான் ஏறி உட்கார்ந்தாள்.

மொபெட்டுக்குப் பிறகு ஒரு பழைய கார் வந்தது. அதன் பின்னால் விமானத்துக்கு வைப்பதுபோல ஒரு இறக்கை வைத்தான். கார் பெரும்பாலும் மெக்கானிக் வாசலில் நின்றது, இறக்கை மட்டும் பளபளவென்று இருந்தது. காரும் ஒழிந்த பிறகு வெலிமிரின் வேகம் முழுக்க ஒரு கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. செய்த கம்பெனிக்காரன் "நாலரை கிகாஹெர்ட்ஸில் ஓடு" என்று சொல்லி அனுப்பிய ப்ராசஸரை, அவன் சாட்டையால் அடித்து ஐந்து புள்ளி மூன்றில் ஓட்டினான். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். சூடு எல்லை மீறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் புத்தி அந்தச் சில்லுக்கு உண்டு. அது கோழைத்தனம் என்று அதையும் அணைத்து வைத்தான். யாரும் கைவைக்கக் கூடாதென்று அந்த அமைப்புக்கெல்லாம் ஒரு கடவுச்சொல்லும் போட்டான். பிறகு சிவப்பு ஸ்டிக்கரில் 5.3 என்று வெட்டி, பெட்டியின் கண்ணாடி மேல் ஒட்டினான். இத்தனை வேகத்தையும் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான்? பீரங்கி வண்டி விளையாட்டு ஆடினான். தோற்றான்.

அந்த இயந்திரத்தில் உண்மையாக வேலை செய்தது ரோசாந்தா மட்டும்தான். ஊரில் இருந்த மரச்சாமான் தொழிற்சாலையில் அவள் வரைபடம் போடுகிறவளாக இருந்தாள். தொழிற்சாலை மூடியதும் வீட்டோடு வந்துவிட்டாள். வீட்டோடு வருவது என்றால், மாமியார் பெர்சிதாவின் காபிக்கும் வெலிமிரின் சட்டை இஸ்திரிக்கும் வருவது. நாலு வருடம் அப்படிப் போயிற்று. அந்த வருடம் வேனிலில் ஆஸ்திரியாவில் க்ராஸ் நகரத்துச் சமையலறைக் கம்பெனி ஒன்று அவளுக்கு ஒரு சோதனை வேலை கொடுத்தது. அவர்கள் அளவு கொடுப்பார்கள். அவள் சமையலறையை வரைந்து, வெளிச்சம், நிழல், பளிங்கின் பளபளப்பு எல்லாம் சேர்த்து, போட்டோ எடுத்தது போன்ற ஒரு படமாக அனுப்ப வேண்டும். படம் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. வரைவது அவள் கையில் இருந்தது. வரைந்ததைப் படமாகச் சமைத்துத் தருவது கம்ப்யூட்டரின் கையில் இருந்தது. அதற்கு அந்த ப்ராசஸர் மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் உழைக்க வேண்டும்.

பாதி வழியில் அது செத்து விழுந்தது. திரை கறுத்து, பெட்டி அமைதியாகி, அரை நாள் உழைப்பு காற்றில் போயிற்று. மறுநாளும் அதே கதை.

"வெல்யா, சூடு தாங்காம நின்னு போகுது. கொஞ்சம் வேகத்தைக் கொறைச்சு வையி" என்றாள் ரோசாந்தா.

வெலிமிர் அவளைப் பார்த்த பார்வையில், பெற்ற பிள்ளையின் கையை வெட்டச் சொன்னதுபோல ஒரு வேதனை. "கொறைக்கிறதா? ஊரே அஞ்சு புள்ளி மூணுன்னு பேசுது. ஒன் படம்தான் கனமா இருக்கு. அவ்வளவு அலமாரி எதுக்குப் போடுற?"

"அலமாரி இல்லாம சமையல்கட்டா?"

"சரி சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. காத்தோட்டம் நான் பாத்துக்கறேன். இலியா திருநாளுக்குள்ள பெட்டி ஐஸ் மாதிரி இருக்கும்."

ரோசாந்தா நம்பினாள். மற்ற விஷயங்களில் அவனை நம்புவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஆனால் ஒரு மனிதன் நாள் முழுக்க ஒன்றையே கட்டிக்கொண்டு அழுதால் அதிலாவது அவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று ஒரு மூலையில் நினைத்தாள். வெலிமிர் ஐந்து புது ஃபேன் வாங்கி வந்தான். தரையில் துணி விரித்து, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, இருதய ஆபரேஷன் செய்கிறவன்போல இரண்டு நாள் உட்கார்ந்தான். யாரையும் பக்கத்தில் விடவில்லை. முடித்ததும் கண்ணாடியை மூடி, விளக்கைப் போட்டான். ஐந்து ஃபேனும் சிவப்பாக எரிந்தபடி உறுமின. அந்த உறுமலைக் கேட்டதும் ரோசாந்தாவுக்குப் பழைய மொபெட் ஞாபகம் வந்தது. வந்தும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இலியா திருநாள் ஆகஸ்ட் இரண்டு. மாரின்கோவிச் குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குலப் புனிதரின் நாள்; வானத்து இடி அந்தப் புனிதர் கையில் என்பார்கள். வருடத்திலேயே மண்டையைப் பிளக்கும் வெயில் அன்றைக்குத்தான். க்ராஸ்காரர்களுக்கு இலியாவும் தெரியாது, ஸ்லாவாவும் தெரியாது. அவர்கள் படத்துக்கு வைத்த கெடு அதே நாள் மாலை ஆறு மணி. ரோசாந்தா விடியும்போதே எழுந்து கம்ப்யூட்டரை ஓட்டிவிட்டாள். ஐந்து மணிவாக்கில் படம் முடியும் என்று திரை சொன்னது. பிறகு அவள் பன்றி வறுவலையும் அரைத்த கறி அடைத்த குடைமிளகாயையும் கவனிக்கப் போனாள். பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்து, மேசைத் தலைமாட்டில் முழ உயரத் தேன்மெழுகு வர்த்தியை ஏற்றிவிட்டுப் போனார். அந்தச் சுடர் நாள் முழுக்க எரிய வேண்டும். அதை வாயால் ஊதக்கூட மாட்டார்கள். நேரம் வரும்போது வீட்டுத் தலைவன் ஒயின் தொட்டு அணைப்பான்.

நடுப்பகலுக்கு விருந்தினர் வந்து குவிந்தார்கள். இருபது பேர் இருக்கும். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, யாரும் வராமல் இருப்பதும் இல்லை. அந்த வீட்டில் கூடம் ஒன்றுதான். ஜன்னல், பால்கனிக் கதவு, சமையலறைக் கதவு, எல்லாம் அடைத்திருந்தது. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் நடுவே ஒரு காற்று ஓடும். அதற்கு அந்த ஊரில் ப்ரோமாயா என்று பெயர். லெஸ்கோவட்ஸ்காரன் குண்டுக்குப் பயப்பட மாட்டான், வரிக்குப் பயப்பட மாட்டான், ப்ரோமாயாவுக்குப் பயப்படுவான். கழுத்துப் பிடிப்பு, காதுவலி, முகவாதம், மலட்டுத்தனம், திடீர் மரணம், எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் குறுக்குக் காற்றுதான். பெர்சிதா ஏசியை மாட்டவிட்டதே இல்லை. வீட்டில் இருந்த ஒரே மின்விசிறியை அவள் போர்வையில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தாள், துப்பாக்கியை வைப்பதுபோல.

ஆக, இருபது பேர் ஒரு மூடிய அறையில், வறுவலும் ரகியாச் சாராயமும் சிகரெட்டுமாக, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து "என்ன வெக்கை, என்ன வெக்கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வெலிமிர் மேசைத் தலைமாட்டில் நின்று உதார் விட்டுக்கொண்டிருந்தான். இந்த நாளில் வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது என்பது வழக்கம். அவனுக்கு நிற்பதற்கு வருடத்தில் கிடைத்த ஒரே நாள். "அஞ்சு புள்ளி மூணு" என்று ஒவ்வொரு குவளைக்கும் ஒரு தடவை சொன்னான். கம்ப்யூட்டர் மூலையில் சிவப்பாக உறுமியது. அதை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் ஸ்ரேதென் உட்கார்ந்திருந்தார். அவர் இவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். அந்த ஊரில் கல்யாண சாட்சி கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அவரைக் கூம் என்றும், அவர் திருப்பி ரோசாந்தாவைக் கூமா என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெரிய தொந்தி, ஓயாத சிகரெட், எதையும் பார்த்துச் சிரிக்கிற மனுஷன்.

மூன்று மணிவாக்கில் ரோசாந்தா சாலட் தட்டோடு வந்தவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். சூடு தொண்ணூற்றேழு டிகிரி. போன இரண்டு தடவையும் நூறைத் தொட்டதும்தான் செத்தது. இப்போது செத்தால் மறுபடி ஆரம்பிக்க நேரம் கிடையாது. ஆறு மணிக்கு க்ராஸில் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு காபியும் இஸ்திரியும், பெர்சிதா சாகும் வரை, அதற்குப் பிறகும்.

"கூமா, இங்க வா, ஒரு வேடிக்கை பாரு" என்றார் ஸ்ரேதென். பெட்டியின் முன்பக்கம் புகையை ஊதினார். புகை உள்ளே போயிற்று. நாற்காலியோடு நகர்ந்து பின்பக்கம் ஊதினார். அங்கேயும் உள்ளே போயிற்று. எழுந்து நின்று தலைப்பக்கம் ஊதினார். அதுவும் உள்ளேதான். கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சத்தில் புகை சுற்றிச் சுற்றி வந்தது, போக வழியில்லாமல். "நல்லா இழுக்குது. என்னை மாதிரியே. ஆனா விட மாட்டேங்குதே! எல்லாப் பக்கமும் வாய்தான் இருக்கு, பொச்சக் காணோம்!"

மேசை முழுக்கச் சிரித்தது. ரோசாந்தா சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். ஃபேன்கள் போகப் பெட்டியின் மற்ற துவாரம், இடுக்கு, சல்லடை எல்லாவற்றையும் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் போட்டு அடைத்திருந்தது. பொறுமையாக, மடிப்பில்லாமல், அழகாக ஒட்டியிருந்தான்.

"வெல்யா" என்றாள். "அஞ்சு ஃபேனும் உள்ளதான் ஊதுது. வெளிய எது?"

வெலிமிருக்கு இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல முகம் மலர்ந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "எல்லாரும் கேட்டுக்கங்க. சாதாரண ஆளுங்க என்ன பண்ணுவாங்க? முன்னாடி உள்ள ஊதுவாங்க, பின்னாடி வெளிய உறிஞ்சுவாங்க. அப்ப நடுவுல என்ன ஓடும்?"

"ப்ரோமாயா!" என்றாள் பெர்சிதா.

"அதான்! ப்ராசஸர் கொதிச்சுப்போய் ஒக்காந்திருக்கு. வயல்ல வேலை செஞ்சு வேர்த்து விறுவிறுத்து வந்த மனுசன்னு வச்சுக்கங்க. அவன் மேல குறுக்குக் காத்து அடிச்சா என்ன ஆவான்?"

"கழுத்துப் புடிச்சுக்கும்" என்றது ஒரு குரல்.

"வாய் கோணிக்கும். எங்க சித்தப்பா பஸ்ல ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல ஒக்காந்து வந்தாரு. பக்கத்து ஊரு நீஷ் வரைக்கும்தான். இறங்கறப்ப பேச்சு இல்ல."

"கிட்னி போயிரும். எனக்கே போச்சு."

"அப்ப நான் செஞ்சது சரியா, தப்பா?" என்றான் வெலிமிர்.

சரி என்று இருபது பேரும் தலையாட்டினார்கள். கிட்னி போனவர் எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். வேர்த்த மனுஷர்கள், மூடிய அறையில், வேர்த்த ஒரு சில்லைப் பெட்டிக்குள் மூடிவைத்தவனைப் பாராட்டிக் குவளையை உயர்த்தினார்கள். அந்தக் கூட்டத்தில் படித்தவர் உண்டு, பல் டாக்டர் உண்டு, பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள்கூட உண்டு. பௌதிகக்காரி எல்லாருக்கும் முன்னால் தலையாட்டினாள்.

ரோசாந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. அவனைப் பார்த்து அல்ல. இரண்டு நாள் அவன் நெற்றியில் கட்டியிருந்த டார்ச்சை நம்பிய தன்னைப் பார்த்து. சமையலறை வரைய அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அதை ஒரு பழுப்பு டேப்பால் புதைத்துவிட்டு இந்த மனுஷன் கைதட்டு வாங்குகிறான். தொண்ணூற்றெட்டு என்றது திரை.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். பெட்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், ஏய்! ஓடிட்டிருக்கு!"

"தெரியுது. அதான் தெறக்கறேன்."

கண்ணாடி கையோடு வந்தது. கொதிக்கிற பானையின் மூடியை எடுத்ததுபோல ஒரு அனல் அவள் முகத்தில் அடித்தது. ஸ்ரேதெனின் புகையும் கூடவே வந்தது. டேப்பை நகத்தால் கிளப்பிப் பரபரவென்று பிய்த்தாள். எண் இறங்கியது, தொண்ணூற்று நாலு. மூச்சு விட்டாள். ஆனால் உள்ளே போகிற காற்று இருபது பேர் விட்ட காற்றுதானே. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்று ஏற ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்தால் போதாது, வீட்டையே திறக்க வேண்டும்.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். "வெல்யா, பால்கனிக் கதவைத் தெற."

வெலிமிர் அம்மாவைப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயது, தலையில் முக்கால் வழுக்கை, கண் போன இடம் அம்மாவின் முகம். பிறகு மெதுவாக, "ரோசா, விருந்தாளிங்க இருக்காங்க. எல்லாரும் வேர்த்திருக்காங்க" என்றான்.

"படம் போயிரும்."

"இன்னொரு படம் வரைஞ்சுக்கலாம். இவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அதைக் கேட்டதும் ரோசாந்தாவுக்குள் கோபம்கூட நின்றுவிட்டது. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். அவள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போய்ப் பால்கனிக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அங்கிருந்த ஜன்னலைத் திறந்தாள். நடுவில் இருந்த கதவு தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. அடைத்த குடைமிளகாய் இருந்த இரும்புப் பானையைத் தூக்கிவந்து அதற்கு முட்டுக் கொடுத்தாள்.

காற்று வந்தது. வெயிலில் காய்ந்த மலைப்பக்கத்துக் காற்று, வருடக்கணக்காக அந்த வீட்டுக்குள் வழி கிடைக்காத காற்று, ஒரே ஓட்டமாக ஓடியது. மேசை விரிப்பு எழும்பியது. காகிதக் கைக்குட்டைகள் பறந்து வறுவல் மேல் விழுந்தன. கூடம் முழுக்க ஒரே கூக்குரல். பல் டாக்டர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டார். பௌதிகக்காரி கைப்பையால் காதைப் பொத்திக்கொண்டாள். கிட்னிக்காரர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் பாதி போய்விட்டார்.

"மூடு! மூடு! எல்லாரையும் கொல்லப் பாக்குறா!" என்று பெர்சிதா அலறினாள். அலறியவள் சட்டென்று நிறுத்தினாள்.

மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. திரியிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுந்து பால்கனிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

பெர்சிதா மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். "இந்த வீட்டு வெளக்கை அணைச்சிட்டியேடி" என்றாள். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. "என் மாமனார் காலத்துலேந்து ஒரு வருசம் அணைஞ்சதில்ல. இலியா இடிய எங்க தலையில போடப் போறாரு."

ரோசாந்தாவுக்கும் நெஞ்சுக்குள் திக்கென்றது. அவளும் அந்த ஊரில் பிறந்தவள்தான். ஸ்லாவா விளக்கு அணைந்தால் அந்த வருடத்துக்குள் வீட்டில் ஒருவர் போவார் என்று கேட்டு வளர்ந்தவள்தான். கழுத்துக்குப் பின்னால் காற்று பட்ட இடம் சிலிர்த்தது. ஆனாலும் அவள் கண் வர்த்தியில் நிற்கவில்லை, திரைக்குப் போயிற்று. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. எண்பத்தொன்று.

"மூடட்டுமா?" என்றான் வெலிமிர், யாரிடம் கேட்கிறான் என்று தெரியாமல்.

"கதவுல கை வச்சே, பானையத் தூக்கி ஒன் தலையில கவுத்துருவேன்" என்றாள் ரோசாந்தா.

அவன் கை வைக்கவில்லை. விருந்தினர் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஸ்லாவா வீட்டிலிருந்து இனிப்புக் கொடுக்கும் முன்னால் யாரும் எழுந்து போவதில்லை, அன்றைக்குப் போனார்கள். காதைப் பொத்திக்கொண்டு, கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தீப்பிடித்த வீட்டிலிருந்து போவதுபோலப் போனார்கள். படிக்கட்டில் இறங்கும்போதே அவரவர் வலியைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஸ்ரேதென் மட்டும் இருந்தார். ஒரு நாப்கினைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, லைட்டரை எடுத்து, உள்ளங்கையால் மறைத்து வர்த்தியை மறுபடி ஏற்றினார்.

"கவலப்படாதீங்க அம்மா. இலியாவுக்கு வானத்துல தேர் ஓட்டறதுதான் வேலை. அவருக்கு இல்லாத காத்தா? ப்ரோமாயாவுல செத்திருந்தா அவரு மொதல்ல செத்திருக்கணும்." பெர்சிதா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ரகியாவில் நனைத்த துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அந்த வாரம் முழுக்கப் படுத்திருந்தாள்.

படம் முடிந்தது. ரோசாந்தா ஒரு தடவை பார்த்தாள். பளிங்கு மேடையில் காலை வெளிச்சம் விழுந்திருந்தது; அவள் வரைந்த சமையலறையில் ஜன்னல் திறந்திருந்தது. வரையும்போது அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. ஆறு மணிக்கு முன்பே அனுப்பிவிட்டாள். பிறகு குடைமிளகாய்ப் பானையை எடுத்து அடுப்பில் வைத்து, தனக்கும் ஸ்ரேதெனுக்கும் மட்டும் பரிமாறினாள். வெலிமிர் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடுவே நிற்கப் பயந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

வேலை கிடைத்தது. க்ராஸ்காரர்கள் இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள், ஒன்று பாராட்டு, ஒன்று அடுத்த சமையலறை. இதற்குள் வெலிமிருக்கு ஊரில் வேறு ஒரு வேலை சேர்ந்திருந்தது. காபிக்கடையில் உட்கார்ந்து, முன்னால் உள்ளே, பின்னால் வெளியே என்று கையால் காற்றை வரைந்து காட்டினான். "ஒரே நிமிசத்துல பதினஞ்சு டிகிரி கொறைச்சேன். நம்ம ஆளுங்க மூடநம்பிக்கைல ஊறிப்போனவங்க, சொன்னாப் புரியாது." கம்ப்யூட்டர்க்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் திறந்த பெட்டியைப் படம் எடுத்துப் போட்டான். ஐம்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அதைக் கொண்டுவந்து ரோசாந்தாவிடமே காட்டினான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல. இவனுக்கு வெட்கம் என்ற உறுப்பே வைக்கப்படவில்லை என்று அவள் நினைத்தாள். அவன்மீது இரக்கம்கூட வரவில்லை.

அவன் மீட்டர் பார்க்கப் போன ஒரு காலையில், அதாவது காபிக்கடைக்குப் போன காலையில், அவள் நாலு திருகாணியைக் கழற்றிப் பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டினாள். மேலே இருந்த இரண்டையும் திருப்பினாள். அந்த அமைப்புப் பூட்டில் இதுவரை அவள் கைவைத்ததே இல்லை. அன்று வைத்தாள். கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. கண்ணாடி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அதே எண்ணை அடித்தாள். பூட்டுத் திறந்தது. ப்ராசஸரைக் கம்பெனிக்காரன் சொன்ன நாலரையில் கொண்டுபோய் நிறுத்தினாள், சூடானால் தானே நிதானிக்கும் புத்தியையும் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவையும் விழவில்லை.

வெலிமிருக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். அவன் எந்த மீட்டரை எட்டிப் பார்த்தான், இதைப் பார்க்க? கண்ணாடி மேல் எண் ஒட்டியிருக்கிறது, அது அவன் கையால் வெட்டி ஒட்டிய எண். சனிக்கிழமைகளில் மீட்டர் கம்பெனி ஆட்களைக் கூட்டிவந்து கதவோரம் காற்றுப் படாத இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தைக் காட்டுவான். ரோசாந்தா திறந்த பால்கனிக் கதவுக்கும் திறந்த ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரோ ஒரு ஆஸ்திரியாக்காரிக்கு அலமாரி வரைந்துகொண்டிருப்பாள். ஆகஸ்ட் வெயிலிலும் கழுத்தில் ஒரு கம்பளி மஃப்ளர் சுற்றியிருப்பாள்.

"அஞ்சு புள்ளி மூணு! ரோசா, நீயே சொல்லு, வித்தியாசம் தெரியுதா இல்லையா?"

"பறக்குது, வெல்யா" என்று அவள் திரும்பாமலே சொல்லிவிட்டு, மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.